தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்களுக்கான எட்டு வார ஆன்லைன் பயிற்சி: முடித்துவிட்டு எழுதுகிறேன்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சேரலாம். ஆனால் முதல் இரண்டு வாரத்தைப் பார்த்துச் சலித்துப்போய் விலகிவிடாதீர்கள், நான்காவது வாரத்தை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். நான்காவது வாரத்துக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் ஐந்தும் போடுவேன்.

நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. இதே பாடத்திட்டத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் பல அமைப்புகள் நடத்துகின்றன, அதனால் எந்த இடத்தில் சேர்ந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று சொல்வதுதான் உபயோகம் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு தொழிற்சங்கக் கிளையில் ஒன்பது வருடமாகச் செயற்குழு உறுப்பினர். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, நோட்டீஸ் எழுதுவது, மினிட்ஸ் எழுதுவது எல்லாம் நான்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. உள்ளாட்சித் தேர்தலில் நின்றால் என்ன என்று ஒரு எண்ணம் வந்து, இதில் சேர்ந்தேன்.

முதல் இரண்டு வாரமும் தன்னம்பிக்கை. எப்படி நிற்க வேண்டும், குரலை எப்படித் தாழ்த்திப் பேச வேண்டும், மேடையில் எந்த நிறம் எடுப்பாக இருக்கும், கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று எத்தனை முறை சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் இருபது வருடமாகப் பள்ளி நடத்துகிறவர், இன்னொருவர் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு மேற்பார்வையாளர். இவர்களுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று எனக்குக் கோபமே வந்தது. பெண்கள் அரசியலில் குறைவாக இருப்பதற்குக் காரணம் பெண்களிடம் இருக்கும் ஏதோ ஒரு குறை என்ற எண்ணம் இந்தப் பாடத்தின் அடியிலேயே இருக்கிறது. அது உண்மை இல்லை.

அர்ஜென்டினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கட்சிகள் கொடுக்கும் வேட்பாளர் பட்டியலில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும், அதுவும் பட்டியலின் வாலில் இல்லை, ஜெயிக்க வாய்ப்புள்ள இடங்களில். அதற்கு முன்னால் பத்தில் ஒரு பெண்கூட இல்லாத கீழவையில், சில தேர்தல்களுக்குள் நாலில் ஒருவருக்கு மேல் பெண்கள். அந்த நாலைந்து வருடத்தில் அந்த நாட்டுப் பெண்களுக்கெல்லாம் திடீரென்று தன்னம்பிக்கை பொங்கிவிடவில்லை, சீட்டுக் கொடுக்கும் விதி மாறியது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறு பிரான்ஸ். 2000இல் சமமாகப் பெண் வேட்பாளர்களை நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது, நிறுத்தாவிட்டால் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு அரசு கொடுக்கும் பணம் குறையும் என்பதுதான் தண்டனை. பெரிய கட்சிகள் பணம் போனால் போகட்டும் என்று ஆண்களையே நிறுத்தின. 2002இல் அந்த நாடாளுமன்றக் கீழவையில் பெண்கள் சுமார் 12 சதவீதம்தான், முந்தைய தேர்தலைவிட ஒன்றரை சதவீதம் கூடியிருந்தால் பெரிது.

இந்த இரண்டு நாட்டுக் கதையையும் பயிற்சியாளர்தான் சொன்னார், ஆனால் ஐந்தாவது வாரத்தில், போகிற போக்கில். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வாசல் எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்று என்ன செய்வது?

மூன்றாவது வாரம் வரலாறு. பெரும்பாலும் தெரிந்த விஷயம், இருந்தாலும் வாக்குரிமையையும் நிற்கும் உரிமையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது நன்றாக இருந்தது. நியூசிலாந்துப் பெண்கள் 1893லேயே வாக்களித்தார்கள், ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, முதல் பெண் உறுப்பினர் உள்ளே போனது 1933இல். பின்லாந்து இரண்டு உரிமையையும் 1906இல் ஒன்றாகக் கொடுத்தது, அடுத்த வருடமே 200 பேர் கொண்ட சபையில் 19 பெண்கள். ஓட்டுப் போடுவதற்கும் ஓட்டு வாங்குவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது. இன்னொன்றும் சொன்னார், அது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு முதல் பெண், ஜெனட் ராங்கின், 1916இல் தேர்வானார். அந்த அவைக்கூடத்தை ஒட்டிப் பெண் உறுப்பினர்களுக்கென்று கழிப்பறை வந்தது 2011இல்தான். வாக்கெடுப்பு மணி அடிக்கும்போது தூரத்தில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்ப ஓடி வர வேண்டிய நிலை இத்தனை வருடம். வகுப்பில் யாரும் பேசவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையிடம் ஞாபகம் வந்திருக்கும்.

சரி, நான்காவது வாரம்.

பன்னிரண்டு பேரை ஒரு நகராட்சி மன்றமாக உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு குறிப்பு தனிச் செய்தியாக வந்தது, மற்றவர்களுக்கு என்ன வந்தது என்று தெரியாது. எனக்கு வந்தது இது: "நீங்கள் முதல் முறை உறுப்பினர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் விளக்குப் போடும் தீர்மானம் இன்று நிறைவேற வேண்டும்." நிகழ்ச்சி நிரலில் பதினோரு பொருள், என்னுடையது பத்தாவது. அதைப் பார்த்து நான் கவலைப்படவில்லை. பேசத் தெரியும், விவரமெல்லாம் கையில் இருக்கிறது, வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முதல் பொருளிலேயே ஒருவர், போன கூட்டத்து மினிட்ஸில் ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டும் என்று ஆரம்பித்தார், அதிலேயே கால்மணி நேரம் போய்விட்டது. மூன்றாவதில் ஒருவர், கூட்டம் விதிப்படி நடக்கவில்லை என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். ஐந்தாவதில் ஒருவர் எல்லோருக்கும் பெயர் பெயராக நன்றி சொன்னார். ஏழாவது முடிந்ததும் இரண்டு பேர் அவசர வேலை என்று கேமராவை அணைத்துவிட்டுப் போனார்கள், ஒன்பதாவது நடக்கும்போது இன்னும் மூன்று பேர். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது, எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர் மிச்சம் இருந்தோம். தலைவராக இருந்தவர் தலைகளை எண்ணிப் பார்த்து, "கோரம் இல்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்றார்.

ஒருவர்கூட என்னை எதிர்த்துப் பேசவில்லை. விளக்கு வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு கையிலேயே இருந்தது.

அப்புறம் பயிற்சியாளர் எல்லோருடைய குறிப்பையும் திரையில் போட்டார். ஏழு பேருக்கு ஒரே குறிப்பு: "பொருள் 10 வரக்கூடாது. எதிர்த்துப் பேச வேண்டாம்."

அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விளையாட்டுக்குச் செய்த பயிற்சிதான், ஆனால் ஒன்பது வருடத்தில் எத்தனை பொருள் எனக்கு இப்படி "நேரமின்மையால்" போயிருக்கிறது என்று வரிசையாக நினைவுக்கு வந்தது. அதிகாரம் என்றால் மேடை, மைக், மாலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எது எத்தனையாவது பொருளாக வரும் என்று முடிவு செய்கிறவரிடம்தான் அது இருக்கிறது. அந்த முடிவு கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன் பேச்சில் நடந்து முடிந்துவிடுகிறது, அந்தப் போன் வராதவர்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கைதூக்குகிறோம்.

மறுநாள் அதே கூட்டத்தைத் திரும்ப நடத்தினோம். இந்த முறை எனக்கு என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முந்தின நாளே இரண்டு பேரிடம் பேசி வைத்தேன். கூட்டம் ஆரம்பித்ததும், முதல் பொருளுக்குப் போவதற்கு முன்னால், "பொருள் எண் பத்தை மூன்றாவதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன்" என்றேன், பேசி வைத்திருந்தவர் உடனே வழிமொழிந்தார், தலைவர் வாக்கெடுப்புக்கு விட வேண்டியதாயிற்று. ஏழு பேர் இருந்தும், வெளிப்படையாகக் கைதூக்கி விளக்குக்கு எதிராகத் தெரிய அவர்களில் மூன்று பேர் தயங்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. மொத்தம் ஆறு நிமிடம்.

அதே வாரத்தில் இன்னொரு பயிற்சியும் உண்டு. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு பெண் ஒரு யோசனை சொன்னால், அடுத்துப் பேசும் பெண் அதைத் திரும்பச் சொல்லி, "இது இன்னார் சொன்னது" என்று பெயரையும் சேர்த்துச் சொல்வார். சொன்னவர் ஒருவர், பெயர் வாங்குகிறவர் இன்னொருவர் என்று ஆகாமல் இருக்க. இதை நாங்கள் மும்மூன்று பேராகப் பிரிந்து செய்து பார்த்தோம். கேட்கச் சின்ன விஷயம், செய்யும்போது நாக்கு எழவில்லை, இன்னொரு பெண்ணின் பெயரைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லி எங்களுக்குப் பழக்கமே இல்லை.

அன்று இரவு எங்கள் கிளையின் மினிட்ஸ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான், பக்கம் பக்கமாக. பணிநேர மாற்றத்தைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன் நான் சொன்ன ஒரு யோசனை, பிறகு அதுவே கோரிக்கையாகி வெற்றியும் பெற்றது. அந்தப் பக்கத்தில் நீல மையில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: "தலைவர் ஆலோசனை வழங்கினார்." யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை, இன்னும் நாலைந்து இடம் தேடிக் கண்டுபிடித்தேன்.

ஐந்தாவது வாரம் பணம். மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தைக் கையில் கொடுத்து, குடிநீருக்கு எவ்வளவு, எந்தத் தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது, ஆனால் இனி எந்த பட்ஜெட்டையும் பார்த்துப் பயப்பட மாட்டேன். மேற்கு வங்கத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால், ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் ஒப்பிட முடிந்தது, அப்படிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிநீர் வசதிக்குக் கூடுதல் வேலை நடந்திருந்தது, அந்த ஊர்ப் பெண்கள் அதிகம் புகார் சொன்னதும் தண்ணீரைப் பற்றித்தான். யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் நடக்கும் பாதைக்குத்தான் முதலில் வேலை நடக்கிறது.

அதனால்தான் எந்தத் துறை யாருக்கு என்பது முக்கியம். சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியமும் ஐநா பெண்கள் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 2025 கணக்கின்படி உலகத்தில் துறைப் பொறுப்புள்ள அமைச்சர்களில் பெண்கள் 23 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரும் பெரும்பாலும் பெண்கள் நலம், குழந்தைகள், சமூக நலம் என்று இருக்கிறார்கள், நிதியும் பாதுகாப்பும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஆண்களிடம். கட்சிகளில் இருக்கும் மகளிர் அணியும் எனக்கு இதே மாதிரிதான் படுகிறது. அணி நமக்கு, வேட்பாளர் தேர்வுக் குழு அவர்களுக்கு. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெண்கள் 1995இல் உலக அளவில் 11 சதவீதம், இப்போது 27. முப்பது வருடத்தில் இவ்வளவு ஏறியதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ருவாண்டாவில் 2008 முதல் கீழவையில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் காட்டி வகுப்பை முடித்துவிடும் பயிற்சியில் சேராதீர்கள். நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லித் தருகிற இடத்தில் சேருங்கள்.

ஒரு விஷயத்தில் பயிற்சியாளரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பெண்கள் வந்தால் ஊழல் குறையும், பெண்கள் தாய்மை உணர்வோடு ஆட்சி செய்வார்கள் என்று அடிக்கடி சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இப்படிச் சொல்லி உள்ளே போனால், ஒரு பெண் ஒரு தப்புச் செய்ததும் எல்லாப் பெண்களையும் வெளியே அனுப்புவதற்கு அது காரணமாகிவிடும். ஆண்கள் நல்லவர்கள் என்று நிரூபித்துவிட்டா உள்ளே போனார்கள்? மக்கள்தொகையில் பாதி என்பதே போதுமான காரணம். வகுப்பிலேயே சொன்னேன், கொஞ்சம் வாக்குவாதம் ஆனது, இரண்டு பேர் என் பக்கம் பேசினார்கள்.

ஆறாவது வாரம்தான் மிக மோசம். பெண் அரசியல்வாதிகள் மீதான மிரட்டலும் அவதூறும் என்ற தலைப்பு, மொத்தமே ஒரு மணி நேரம், அதில் சொன்னது: கண்டுகொள்ளாதீர்கள், பிளாக் செய்யுங்கள். 2016இல் சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியம் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியபோது, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வகை உளவியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பொலிவியாவில் உவானா கிஸ்பே என்ற உள்ளாட்சி உறுப்பினரைப் பதவி விலகச் சொல்லி நெருக்கிக்கொண்டே இருந்தார்கள், 2012இல் அவர் கொல்லப்பட்டார். அந்த வருடமே பெண்கள் மீதான அரசியல் துன்புறுத்தலுக்கு எதிராக அங்கே தனிச் சட்டம் வந்தது. கண்டுகொள்ளாமல் இருப்பது எல்லா இடத்திலும் வேலைக்கு ஆகாது. ஆதாரத்தை எப்படிச் சேமிப்பது, யாரிடம் எந்த வடிவத்தில் புகார் கொடுப்பது, கட்சியிடம் எழுத்தில் என்ன கேட்பது, இதெல்லாம் ஒரு முழு வாரம் சொல்லித்தர வேண்டியவை.

இதைவிட வருத்தம், அடுத்த தொகுதி வகுப்புக்கான விளம்பரத்தில் எங்கள் படங்களைக் கேட்காமலேயே போட்டார்கள். ஒருவர் அரசியலில் இறங்குவதை இன்னும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய பிறகு எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் அதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவே இல்லை. ஒன்றரை நட்சத்திரத்தை நான் குறைத்ததில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

வகுப்பு நேரமும் சரியில்லை. தினமும் மாலை ஏழு மணி. பெரும்பாலான பெண்களுக்கு வீட்டில் இரண்டாவது வேலை ஆரம்பிக்கிற நேரம் அது. பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு ஒரு காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். பதிவு செய்த வகுப்பைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள், மாதிரிக் கூட்டத்தை எப்படிப் பிறகு பார்ப்பது?

ஏழாவது வாரம் பிரச்சாரச் செலவுக் கணக்கு, தேவையானது, சுமாராக நடந்தது. எட்டாவது வாரம் மறுபடி நன்றாக இருந்தது. எந்த நேரத்தில் பெண்களுக்குத் தலைமை கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி. கனடாவில் 1993இல் கிம் கேம்பல் முதல் பெண் பிரதமரானார். கட்சி ஏற்கெனவே மக்களிடம் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த நேரம். சில மாதத்தில் வந்த தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டே இடத்துக்குச் சுருங்கியது, அவர் தொகுதியும் போனது. கப்பல் முழுகும்போது கொடுக்கப்படும் பொறுப்பை வேண்டாம் என்று சொல்லப் பயிற்சியாளர் சொல்லவில்லை. வாங்கும்போது "இப்போது ஏன்?" என்று கேட்டு, என்னென்ன அதிகாரம் கூட வருகிறது என்று எழுதி வாங்கச் சொன்னார். போன வருடம் எங்கள் கிளையில் கணக்கில் குழப்பம் வந்தபோது என்னைப் பொருளாளராகச் சொன்னார்கள், நான் பயந்து மறுத்தேன். இப்போது கேட்டால் நிபந்தனையோடு சரி என்பேன்.

சேருவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்: மாதிரிக் கூட்டம் எத்தனை முறை நடக்கும், பட்ஜெட் தாளைக் கையில் கொடுப்பார்களா, பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருந்தவரா, உங்கள் படத்தை எங்கே போடுவார்கள். எங்கள் பயிற்சியாளர் இரண்டு முறை மன்ற உறுப்பினராக இருந்து, மூன்றாம் முறை தோற்றவர். தோற்றதைப் பற்றி அவர் ஒளிக்காமல் பேசியது எந்தப் பாடத்தைவிடவும் எனக்கு உதவியது.

தேர்தலில் நிற்பதா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வருகிற சனிக்கிழமை கிளைக் கூட்டம். மூன்று பேரிடம் பேசிவிட்டேன், கடிதமும் கொடுத்துவிட்டேன், நிகழ்ச்சி நிரலில் என் பொருள் இரண்டாவதாக வந்திருக்கிறது. மினிட்ஸ் நோட்டை இந்த முறை வேறொருவர் எழுதுகிறார்.